நான் கழற்றிப் போட்ட பச்சை ஒயர்

கண்ணு,

இரண்டரை வாரத்துக்கு முன்னால் நீ போன் செய்தபோது நான் கத்திவிட்டேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், புது வீட்டில் பாட்டுக் கேட்க எல்லாம் மாட்டிவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொல்ல வந்த பிள்ளையிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. "ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், டிவி எல்லாத்தையும் ஒண்ணா கனெக்ட் பண்ணினா ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரே இரைச்சல்ப்பா. ஃபிரெண்டு ஒருத்தன் ஆம்ப்ளிஃபயர் பிளக்ல இருந்து எர்த்தைக் கழட்டிரச் சொன்னான். கழட்டினேன், சுத்தமா நின்னுபோச்சு" என்றாய். அதன் பிறகு நான் என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. உனக்கு அறிவிருக்கிறதா என்று கேட்டது மட்டும் தெரியும். போனை வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, எர்த்தைத் திரும்ப மாட்டினாயா என்று மட்டும் கேட்டேன். "மாட்டிட்டேன்ப்பா. இதுக்கா இவ்வளவு கோவம்" என்றாய். இதற்குத்தான் இவ்வளவு. ஏன் என்று போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. முதலில் உன் இரைச்சலைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் படித்த பிறகு நான் சொல்லும் எதையும் கேட்க உனக்கு மனம் வராமல் போகலாம்.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க வேண்டாம், தேடிப் பார். எல்லா ஒயர்களையும் உருவிவிட்டு ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் மட்டும் வைத்துப் போடு. இரைச்சல் இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வா. எதை மாட்டும்போது இரைச்சல் வருகிறதோ அங்கேதான் கோளாறு. ரெக்கார்டு பிளேயரின் பின்னால் மெல்லிய ஒயர் ஒன்று தனியாகத் தொங்கும். அதை ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இருக்கும் திருகில் மாட்டியிருக்கிறாயா என்று பார். கரண்டு ஒயரும் பாட்டு ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டி ஓடினால் பிரித்துப் போடு. ஆனால் நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் டிவியின் கேபிள்தான் காரணமாக இருக்கும். அந்தக் கேபிள் வெளியே எங்கோ ஓரிடத்தில் மண்ணைத் தொடுகிறது. உன் ஆம்ப்ளிஃபயர் வீட்டு எர்த் வழியாக இன்னோரிடத்தில் மண்ணைத் தொடுகிறது. டிவியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒயர் போட்டு இணைத்தால் இரண்டு மண்ணுக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகிவிடும். அந்த வளையத்தில் துளிக் கரண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத்தான் ஸ்பீக்கர் உனக்குச் சொல்கிறது. எல்லாப் பிளக்கையும் ஒரே போர்டில் சொருகிப் பார். அதிலும் போகவில்லையென்றால் டிவி கேபிளுக்கு நடுவில் போடுகிற ஐசொலேட்டர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள், விரல் நீளம்தான் இருக்கும், அதைப் போடு. வளையத்தைப் பாட்டுப் பக்கமோ கேபிள் பக்கமோ அறுக்கலாம். எர்த் பக்கம் மட்டும் அறுக்கவே கூடாது. இரைச்சல் என்பது காதுக்குத் தொந்தரவு. எர்த் என்பது உயிர். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, மெயின் போர்டில், கரண்டு கசிந்தால் தானாக அறுத்துவிடுகிற ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டிவிடு.

இனிச் சொல்லப்போவது உன் அம்மாவின் கையைப் பற்றி.

வலது கையில் மூன்று விரல் மடங்கியபடியே இருக்கிற அம்மாவைத்தான் உனக்குத் தெரியும். அந்தக் கையோடு அவள் உனக்குத் தலை வாரிவிட்டாள், சட்டைப் பித்தான் போட்டுவிட்டாள். சின்ன வயதில் நீ கேட்கும்போதெல்லாம், "இடி விழுந்துச்சு கண்ணு, ஆன்டெனா வழியா இறங்கிருச்சு" என்று சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நான் சொன்னதை உனக்குச் சொன்னாள். நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இடியைப் பற்றிக் கட்டுரை எழுதி, அதில் அம்மாவின் கையையும் எழுதியிருந்தாய். வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாய். நான் எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

நீ ஒன்றாவது சேர்ந்த வருடம் அது நடந்தது. கீழ் கோத்தகிரிக்குக் கீழே இருந்த எஸ்டேட்டில் தேயிலை ஃபேக்டரிக்கு நான் எலக்ட்ரீஷியன். அம்மா இலை பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் ஃபேக்டரிக்கு மேலே சரிவில் இருந்தது. பக்கத்து வீடு ஃபிட்டர் இராசையாவுடையது. அவரும் அவர் மனைவி லெட்சுமியும் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். இராசையா என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், அதனால் நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். குழாய் வேலை, குழி வேலை, கம்பி வேலை எதைக் கொடுத்தாலும் சாவதானமாகச் செய்வார். முடித்த பிறகு ஒரு தரம் சுற்றி வந்து பார்ப்பார். லெட்சுமியும் உன் அம்மாவும் ஒரே வரிசையில் நின்று இலை பறிப்பவர்கள். எஸ்டேட்டிலேயே அதிகம் பறிக்கிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். போட்டியும் உண்டு, அப்படியொரு சிநேகமும் உண்டு. காலையில் இவள் அவளைக் கூப்பிடாமல் மலையேற மாட்டாள். உனக்கு அம்மை போட்டபோது பதினைந்து நாள் லெட்சுமிதான் நம் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தாள்.

அப்போது எனக்கு ஒரே பைத்தியம், நல்ல சத்தம். குன்னூரில் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது பழைய ஸ்பீக்கர் இரண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு நானே ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். ஃபேக்டரியில் வீணாய்க் கிடந்த தகரத்தை வளைத்துப் பெட்டி, உள்ளே ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர். அந்த டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை மழையில் நனைந்து காய்ந்தது என்று எனக்குத் தெரியாது. துடைத்து, வார்னிஷ் தடவி மாட்டினேன். பிறகு டிவி வந்தது. நம் சரிவில் படம் தெரிய ஆன்டெனா உயரமாகப் போக வேண்டும். இராசையாதான் கொல்லைப் பக்கம் கம்பம் நட்டார். இவ்வளவு உயரக் கம்பத்துக்குத் தனி எர்த் இல்லாமல் விடக்கூடாது என்று சொல்லி, இரண்டு நாள் தோண்டிப் பாறையைத் தாண்டி ஈர மண் வரைக்கும் குழி இறக்கி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் புதைத்தார். அப்போது நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேக்டரி எர்த் குழிகூட அவ்வளவு நன்றாக இல்லை.

டிவியின் சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்த அன்றே இரைச்சல் வந்தது. உன் வீட்டில் வந்ததே, அதே இரைச்சல். நான் எதை எதையோ மாற்றினேன். கண்டென்சரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தேன். ஆன்டெனா ஒயரை உருவினால் மட்டும் நின்றது. இரண்டு மண், ஒரு வளையம் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது கண்ணு. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. சரியாகச் செய்ய வேண்டுமென்றால், அந்த வளையத்தை அறுக்கிற சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்குக் கோயமுத்தூர் போக வேண்டும். இல்லையென்றால் இரண்டு எர்த்தையும் கனமான கம்பி போட்டு ஒன்றாக்க வேண்டும், அதற்கு வீட்டைச் சுற்றித் தோண்ட வேண்டும். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஃபேக்டரிக்காரர்கள் நாலைந்து பேரைப் பாட்டுக் கேட்க வரச் சொல்லியிருந்தேன். த்ரீ பின் பிளக்கைத் திறந்து எர்த்துக்குப் போகிற பச்சை ஒயரைக் கழற்றி, டேப் சுற்றி உள்ளேயே மடக்கி வைத்தேன். இரைச்சல் நின்றது. மறுநாள் வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். இராசையா மட்டும் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எப்படி நிப்பாட்டினீங்க?" என்று கேட்டார். "ஒரு கண்டென்சர் மாத்தினேனுங்கண்ணா" என்றேன்.

அது சித்திரையில். ஐப்பசி வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடம் மழை விடாமல் அடித்தது. சுவரில் கை வைத்தால் ஈரம். பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரும் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள் நான்கு மணிக்கு இடி இடிக்க ஆரம்பித்தது. உன் அம்மா அப்போதுதான் வேலை முடிந்து நனைந்து வந்திருந்தாள். இடி என்றால் ஆன்டெனா ஒயரை டிவியிலிருந்து உருவிவிட வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். அவள் அதைச் செய்யப் போனாள். இடது கையை ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் ஊன்றிக்கொண்டு வலது கையால் ஒயரை உருவினாள். பெட்டியில் கசிந்த கரண்டு அதுவரைக்கும் டிவி வழியாக, ஆன்டெனா ஒயர் வழியாக, இராசையாவின் குழிக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒயரை உருவிய அந்த நொடியில் பெட்டிக்கும் குழிக்கும் நடுவே உன் அம்மா மட்டும்தான் இருந்தாள். ஒயர் முனையில் இருந்த இரும்பை அவள் கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கால் மடங்கி விழுந்ததில்தான் கை விடுபட்டது. நீ கட்டிலில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். உன் அழுகை கேட்டு முதலில் ஓடி வந்தவள் லெட்சுமி.

நான் ஃபேக்டரியிலிருந்து ஓடி வந்தபோது உன் அம்மாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூச்சு இருந்தது. எல்லாரும் இடி, இடி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். லெட்சுமி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வண்டியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். பெட்டி மேல் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. சுவிட்சை அணைத்து, பிளக்கைத் திறந்து, பச்சை ஒயரை அதன் இடத்தில் மாட்டிச் சொருகிப் போட்டேன். ஃபியூஸ் உடனே போனது. ஆறு மாதத்துக்கு முன்னால் நான் அந்த ஒயரைக் கழற்றாமல் இருந்திருந்தால், கசிவு பெருகிய அன்று அந்த ஃபியூஸ் போயிருக்கும். போகாவிட்டாலும் கரண்டு எர்த்தில்தான் இறங்கியிருக்கும், அவள் மேல் பாய்ந்திருக்காது. பிறகு பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். இடி என்றேன்.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு கோழையின் பொய் மட்டும்தான். மூன்றாம் நாள் ஃபேக்டரி ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். ஆன்டெனா வழியாக இடி வீட்டுக்குள் வந்தது என்றால் கம்பத்தின் எர்த் சரியில்லை என்றுதான் அர்த்தம், நீயே சோதித்து வந்து சொல் என்றார். நான் தனியாகப் போனேன். நூறு வாட் பல்பு ஒன்றின் ஒரு முனையைக் கரண்டுக்கும் மறு முனையை இராசையா புதைத்த குழாய்க்கும் கொடுத்தேன். எர்த் நன்றாக இருந்தால் பல்பு முழு வெளிச்சம் தரும், கெட்டுப்போயிருந்தால் மங்கும். அந்தப் பல்பு வீட்டுக்குள் எரிவதுபோல் பளிச்சென்று எரிந்தது. அவர் குழி அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் உன் அம்மாவின் கை அவ்வளவு கருகியது. ஆபீசரிடம் திரும்பிப் போய், "பல்பு மங்கலா எரியுதுங்க. குழி பத்தலை" என்றேன்.

என் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஃபேக்டரி எலக்ட்ரீஷியனே எர்த்தைக் கழற்றினான் என்றால் எந்த எஸ்டேட்டிலும் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அதைவிட, உன் அம்மா கண்விழித்து என்னைப் பார்க்கும்போது நான்தான் காரணம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்ற ஆசைதான் பெரிதாக இருந்தது. இதை நியாயம் என்று எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இராசையாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "குழி நான் சரியாத்தான் வெட்டினேன். தோண்டிப் பாருங்க." யாரும் தோண்டவில்லை, சோதித்துச் சொன்னவன் எலக்ட்ரீஷியன் ஆயிற்றே. அவரை ஃபிட்டர் வேலையிலிருந்து எடுத்து வெளிக்காட்டில் தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து வெட்டப் போட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீங்க பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க தம்பி. ஈரம் வரைக்கும் போனேனா இல்லையா?" என்று கேட்டார். "போனீங்கண்ணா. ஆனா பல்பு மங்கலாத்தான் எரிஞ்சுது. மழையில என்ன ஆச்சோ" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

லெட்சுமி ஆஸ்பத்திரிக்குப் பாணும் பாலும் கொண்டு வந்தாள். ரொட்டியை அவர்கள் பாண் என்றுதான் சொல்வார்கள். அதற்குள் எல்லாரும் பேசிப் பேசி உன் அம்மாவின் காதுக்குக் குழி விஷயம் வந்துவிட்டது. நான் அந்த அறையில்தான் இருந்தேன். "உன்ற ஊட்டுக்காரர் வெட்டுன குழிக்கு என்ற கை போச்சு. இனிமே என்ற மூஞ்சியில முழிக்காதே" என்று உன் அம்மா சொன்னாள். லெட்சுமி பாணை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போனாள். அம்மா நர்ஸைக் கூப்பிட்டு அதை எடுத்துப் போடச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவர்கள் எஸ்டேட்டை விட்டுப் போனார்கள். கூடலூருக்கு அந்தப் பக்கம் சேரங்கோட்டில் சொந்தக்காரர்கள் இருப்பதாகக் கேள்வி. போகும் அன்று லெட்சுமி நம் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். உன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த விரல்களோடு அவளால் இலை பறிக்க முடியவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில் தொட்டில் ஆட்டுகிற வேலை கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அதுதான். மலையில் பறிக்கிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டால் அவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சொல்லியிருக்கலாம். நீ காலேஜுக்குப் போன வருடம் சொல்லியிருக்கலாம். நான் ஓய்வு பெற்ற பிறகாவது சொல்லியிருக்கலாம், அப்போது வேலை போகும் என்ற பயம்கூட இல்லை. ஒவ்வொரு வருடமும் சொல்லாமல் விட்டது அடுத்த வருடம் சொல்வதை இன்னும் கடினமாக்கியது. உன் போன் வந்த அன்று நான் கத்தியதைக் கேட்டு உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏனுங்க, கல்யாணத்தை வெச்சுக்கிட்டுப் பையன்கிட்ட இப்படியா பேசுவாங்க? அப்படி என்னங்க பண்ணிப்போட்டான்?" என்றாள். "நான் பண்ணினதையேதான் அவனும் பண்ணினான்" என்று சொல்லிவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பிளக்கை, ஃபியூஸை, பல்பை.

அவள் அழவில்லை. நான் எதிர்பார்த்ததுபோல் கையைப் பார்க்கவும் இல்லை. "கை போனது போச்சுங்க. லெட்சுமிய நான் தொரத்துனேனே. அதுக்கு என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டாள். அதன் பிறகு பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. சமைத்து வைப்பாள், தட்டை எடுத்து வைப்பாள், முன் அறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். நீ போன் செய்தபோதெல்லாம் சாதாரணமாகப் பேசினாள், பத்திரிகை அச்சானதா, மாலைக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பன்னிரண்டாம் நாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "சேரங்கோட்டுக்கு எந்த பஸ்ஸு?" என்றாள்.

ஊட்டிக்குப் போய், கூடலூருக்கு மாறி, பந்தலூர் வழியாகச் சேரம்பாடி போய் இறங்க மத்தியானம் ஆகிவிட்டது. வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கிருந்து சேரங்கோட்டுக்குப் போய், டீக்கடை ஒன்றில் ஃபிட்டர் இராசையா வீடு எது என்று அவள்தான் கேட்டாள். "இராசையாண்ணனா? அவரு போயி ரெண்டு கொல்லமாச்சே. ஊடு அந்தா அந்த லைன்ல மூணாவது" என்றார் கடைக்காரர், வருடத்தை அந்தப் பக்கம் கொல்லம் என்பார்கள். போய் என்றால் எங்கே என்று ஒரு நொடி எனக்கு விளங்கவில்லை. உன் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஐந்து மணி நேரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதைக் கேட்க அவர் இல்லை.

லெட்சுமிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "உள்ளுக்கு வாங்க" என்றாள். உட்கார்ந்ததும் உன் அம்மா, "ஆஸ்பத்திரியில அன்னைக்கு உன்னைய என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றாள் லெட்சுமி. "நானும் மறக்கல" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க" என்றாள். சொன்னேன். வீட்டில் சொன்னதைவிட இங்கே சுருக்கமாகத்தான் வந்தது. முடித்த பிறகு லெட்சுமி சுவரில் மாட்டியிருந்த இராசையாவின் படத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு, குழி நான் சரியாத்தான் வெட்டினேன்னு. படுக்கையில கிடந்தப்பவும் சொன்னாரு. ஒரு நாள் எனக்கு ஏலாமப் போயி, போதும் விடுங்க, தப்பு எல்லாருக்கும்தான் நடக்கும்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் என்கிட்ட அவரு அந்தப் பேச்சே எடுக்கல." பிறகு, "நானே நம்பல" என்றாள்.

உன் அம்மா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது நான் அந்த அறையில் இருந்திருக்கக் கூடாது, ஆனால் எழுந்து வெளியே போகவும் எனக்குத் துணிவில்லை.

"இதை என் மகன்கிட்டச் சொல்லணும் நீங்க" என்றாள் லெட்சுமி. அவர்கள் மகனை உனக்கு நினைவிருக்காது, உன்னைவிட மூன்று வயது பெரியவன். அங்கேயே வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறானாம். ஐந்து மணிக்கு வந்தான். நின்றுகொண்டே கேட்டான். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "பல்பு எப்படி எரிஞ்சுது?" "முழுசா எரிஞ்சுது" என்றேன். அவன் தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு வெளியே போய்க் குழாயடியில் நின்று கை கால் கழுவினான், ரொம்ப நேரம் கழுவினான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரும்பி வந்து, "இங்க எங்கப்பாவைத் தெரிஞ்சவங்க நாலு பேரு இருக்காங்க. அவங்ககிட்டயும் சொல்லிட்டுப் போங்க" என்றான். அவனோடு நான்கு வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து சொன்னேன். அவன் வாசலிலேயே நின்றான்.

உன் அம்மா என்னோடு திரும்பி வரவில்லை. லெட்சுமியோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஐந்து நாள் ஆகிறது. இதை வீட்டில் தனியாக உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உனக்கு நான் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் நீ, ஒன்று மட்டும் கேட்டுக்கொள். உன்னிடமிருந்து ஒரு பொய்யை உன் மனைவி நம்பி வாங்கிக்கொண்டால், அதை வைத்துக்கொண்டு அவள் யாரையெல்லாம் வெறுப்பாள், யாருக்கெல்லாம் கதவைச் சாத்துவாள் என்பது உன் கையில் இருக்காது. நான் என்னை மட்டும் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்தேன். ஒரு மனிதரின் பேச்சை அவர் மனைவியே நம்பாமல் போகும்படி செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தை நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடமும் படிக்கக் கொடு. எப்படிப்பட்ட வீட்டுக்கு வருகிறோம் என்று கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குத் தெரியட்டும். மணமேடையில் நான் உன் பக்கத்தில் நிற்பதா வேண்டாமா என்பதை நீ யோசித்துச் சொல். நீ எது சொன்னாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

இன்று காலையில் லெட்சுமியின் மகன் போன் செய்தான். "வியாழக்கிழமை அம்மா ரெண்டு பேரும் வர்றாங்க. மூணு மணி பஸ்ஸு. ஸ்டாண்டுக்கு வந்துருங்க" என்றான். சித்தப்பா என்றோ ஐயா என்றோ எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் சரி என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான். லெட்சுமி ஏன் வருகிறாள், கல்யாணத்துக்கு இருப்பாளா, என்னோடு பேசுவாளா, எனக்கு ஒன்றும் தெரியாது. முன் அறையைக் கழுவிவிட்டு, ஜமுக்காளத்தையும் கம்பளியையும் வெயிலில் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை மத்தியானமே ஸ்டாண்டில் போய் நின்றுகொள்வேன்.

அப்பா